மழைக்கு நிறுத்திய நாடகம்

சித்திரை 21, சனிக்கிழமை, காலை எட்டு ஐம்பது. இரவெல்லாம் பெய்த மழை தூறலாகியிருந்தது. பத்து மணிக்கு மரக்காணத்தில் எங்கள் குழுவின் நாடகம். குழுவின் வாட்ஸ்அப் செய்திகள் என் பொறுப்பு. வாடகை மைக் செட் நனைந்துவிடுமோ என்ற பயத்தில் யாரையும் கேட்காமல், "மழை காரணமாக இன்று நாடகம் இல்லை" என்று அனுப்பிவிட்டேன். மைக் செட்காரரையும் திருப்பி அனுப்பினேன்.

ஒன்பதேகாலுக்குத் தூறல் நின்றது. ஒன்பதரைக்குக் கதாநாயகி வந்து இறங்கினார். உப்பளத் தொழிலாளி; முதல் மேடை. அவருடைய போன் மகனிடம் இருந்ததால் என் செய்தி அவருக்குத் தெரியாது. கூடவே கூனிமேட்டிலிருந்து எட்டுப் பெண்கள், எல்லாரும் உப்பளத்தில் வேலை செய்பவர்கள்.

"நாடகம் இல்லம்மா. மழை."

"மழைன்றதாலதான சார் இவங்களே வந்திருக்காங்க! வெயில் அடிச்சா பாத்திய விட்டு எவ வருவா?"

பின்னால் நின்ற ஒருத்தி சிரித்தாள். "ஏண்டி, சாரு மழையையே பாத்ததில்ல போலருக்குது!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அடுத்த சனிக்கிழமை போட்டுடலாம்மா" என்றேன்.

"இன்னொரு நாள் லீவு குடுக்கமாட்டாங்க சார். நீங்க வேற யாரையாவது போட்டுக்குங்க."

அடுத்த சனிக்கிழமை நல்ல வெயில். அவர் வேடத்தில் வேறொருவர் நடித்தார். கைதட்டல் குறைவில்லை. நான் மட்டும் கைதட்டவில்லை.

மழையன்று அவர்கள் வீடு திரும்ப இரண்டு ஆட்டோவுக்கு நான் கொடுத்தது அறுநூறு ரூபாய். எனக்கு ஆன செலவு அவ்வளவுதான்.