சண்டையை நிறுத்திய மீன்கள்

எண்பதுகளின் தொடக்கம். சங்கரன்கோவிலில் விசைத்தறிக் கூடங்கள் நிறைந்த ஒரு தெருவில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியே பன்னிரண்டு தறிகள் ஓடின. அந்தச் சத்தம் பழகிப்போய் எங்கள் காதில் விழுவதே இல்லை. கரண்ட் போய்த் தறிகள் நின்றால், அந்த அமைதிதான் விழும்.

முன்னறையில் இரும்பு ஸ்டாண்டின் மேல் மூன்றடி நீள மீன் தொட்டி வைத்திருந்தேன். மதுரையில் ஒரு ஜோடி சிக்லிட் மீன்கள் வாங்கி வந்திருந்தேன். நம் குளத்து ஜிலேபிக் கெண்டையின் சொந்தக்கார சாதி. உடம்பெல்லாம் கறுப்பு வரி. இரண்டு வருடத்தில் அவை நாற்பதைத் தாண்டிவிட்டன. யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆளுக்கொரு கல், ஆளுக்கொரு மூலை என்று எல்லை பிரித்துக்கொண்டு பகல் முழுவதும் சண்டை போடும் மீன்கள் அவை. நெரிசல் கூடக் கூட சண்டையும் கூடியது. தண்ணீர் இரண்டே நாளில் கலங்கி நாறியது. மூலையில் இருந்த சின்னப் பஞ்சு ஃபில்டர் குமிழி விட்டதோடு சரி.

பெரிய ஃபில்டர் ஒன்று செய்ய முடிவு செய்தேன். தொட்டிக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் டிரம்; அதில் அடுக்கடுக்காகக் கூழாங்கல், கரி, பஞ்சு. தொட்டிக்குள் மூழ்கிக் கிடக்கும் சின்ன மோட்டார் தண்ணீரை டிரம்முக்கு ஏற்றும், அது வடிந்து மறுபடி தொட்டியில் விழும். பக்கத்துத் தறிக்கூடத்து ஃபிட்டர் வந்து டிரம்மில் ஓட்டை போட்டுக் குழாய் மாட்டிக் கொடுத்தார்.

“நாங்க ஃபேன் இல்லாம வேகுதோம். நீங்க மீனுக்கு மோட்டார் வாங்குதிய அண்ணாச்சி, நடக்கட்டும்” என்று கேலி வேறு.

மோட்டாரின் வயர் நீளம் போதவில்லை. “நீங்க தொடாதிய. தண்ணிக்குள்ள ஜாயின்ட் ஆகாது. வெள்ளிக்கிழம முழு வயராப் போட்டுத் தாரேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. எனக்குப் பொறுமை இல்லை. எங்கள் தெருவில் குடைக்காம்பு, கட்டில் கால், பைப் கசிவு என்று எது பழுதானாலும் தறிக் கழிவு நூலைச் சுற்றித்தான் கட்டுவார்கள். நானும் வயரை இணைத்து, டேப் ஒட்டி, மேலே கழிவு நூலை இறுக்கிச் சுற்றினேன். அதன்மேல் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி, தொட்டியின் அடியில் கூழாங்கல்லுக்குள் புதைத்துவிட்டேன்.

மறுநாள் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. அதைவிட ஆச்சரியம், சண்டை நின்றிருந்தது. அத்தனை மீன்களும் மோட்டாருக்கு எதிர் மூலையில், சீப்புப் பற்கள் போல வரிசையாக நின்றன. எல்லாமே மோட்டாருக்கு விலாவைக் காட்டி, தலையை ஒரே திசையில் வைத்திருந்தன. செவுள் மட்டும் அசைந்தது. இரை போட்டால், அது மிதந்து வாய்க்கருகில் வந்தால்தான் தின்றன. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் நான் பெருமையாக விளக்கம் சொன்னேன்.

மனைவி மட்டும் முகம் சுளித்தாள். “எனக்கு இது பிடிக்கலைங்க. பயந்துபோய்க் கெடக்குதுக.”

“தண்ணி சுத்தமா இருக்குல்லா, அதான் சாந்தமா இருக்கு.”

“ஒங்க பெரியப்பா வந்து தங்குன பத்து நாளும் நாமளும் இப்படித்தான் சாந்தமா இருந்தோம்.”

சிரித்துவிட்டேன். டிரம் உயரத்தில் இருந்ததால் மர ஸ்டூலில் ஏறி நின்றுதான் குழாயைச் சரிசெய்வேன். அப்போது கை தண்ணீரில் படும். விரலில் ஒரு வெட்டுக்காயம் இருந்த இடத்தில் எறும்பு கடிப்பது போல் சுருக்கென்றது. கரித்தூள் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம். முன்னறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தறிகள் நின்றன. அந்த அமைதியில் தொட்டிக்குள் சளப்பென்று சத்தம். நிமிர்ந்தால், மீன்கள் கலைந்து ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் மோட்டார் பக்கத்தில் செத்துக் கிடந்தது.

துணி துவைத்துக்கொண்டிருந்த மனைவி ஈரக் காலோடு வந்தாள். “செத்தத வச்சிக்கிட்டே சோறு திங்கணுமாக்கும்” என்றபடி, இடது கையால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, வலது கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டுத் துழாவினாள். டிரம்மிலிருந்து சொட்டிய தண்ணீரில் அவள் நின்ற தரையும் நனைந்துதான் இருந்தது. மீனை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தாள்.

அவள் நிலைப்படி தாண்டியதும் கரண்ட் வந்து பன்னிரண்டு தறிகளும் ஒரே சமயத்தில் ஓடத் தொடங்கின.

நான் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். துரத்திய மீனும் ஓடிய மீனும் பாதியில் நின்றன. கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் மூலைக்குப் போய் வரிசை கட்டின. ஒன்றுகூடப் பிந்தவில்லை.

“உள்ள வராத!” என்று கத்தியபடி எச்சில் கையோடு ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். மீன்கள் கலைந்தன. நிச்சயப்படுத்திக்கொள்ள ஒருமுறை போட்டேன். வரிசை கட்டின. அணைத்தேன். கலைந்தன.

கூப்பிட்டதும் ஃபிட்டர் வந்து மறுபடி சுவிட்சைப் போட்டு, டெஸ்டரைத் தண்ணீரில் வைத்தார். அதன் சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூழாங்கல்லைக் கிளறி நூல் முடிச்சை வெளியே எடுத்தார். மெழுகு வெடித்து, நூல் ஊறி உப்பியிருந்தது. அவர் கேலி செய்யவில்லை.

“நூல் தண்ணி குடிக்கும்னு இந்தத் தெருவுல பச்சப்புள்ளைக்கும் தெரியும், அண்ணாச்சி. அது வழியாத் தண்ணில எறங்குன கரண்டுக்குப் பயந்துதான் மீனெல்லாம் ஒதுங்கி நின்னிருக்கு. மர ஸ்டூல்ல நின்னதால நீங்க தப்பிச்சிய. வெறுந்தரையில நின்னு கைய விட்டிருந்தா அவ்வளவுதான்.”

மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். முழங்கை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை முழு வயர் மாட்டினோம். பாதி மீன்களைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். மிச்சம் இருந்தவை அன்றே பழையபடி சண்டை போட்டன. மனைவி என்னிடம் சண்டை போட இன்னும் இரண்டு நாள் ஆனது.

இன்றைக்கும் ஒரு வீட்டிலோ அலுவலகத்திலோ எல்லோரும் ஒரே பக்கமாக ஒதுங்கி, வாய் திறக்காமல் இருப்பதைப் பார்த்தால், அதை அமைதி என்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை. ஊறிப்போன நூல் எங்கே கிடக்கிறது என்றுதான் கண் தேடுகிறது.