கழுவிக்கொண்டு வரவேண்டிய கால்கள்

பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல் கோயிலில் சாமியார் பாதம் கழுவும் சடங்குக்கு, பன்னிரண்டு பேரில் ஒருவனாக என்னையும் சேர்த்திருக்கிறார்கள். கோயில் செயலாளர் காலையில் போன் செய்தார். "சார், காலை நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டு வந்துடுங்க. நேரலையில போவுது."

போனை வைத்ததும் மண்ணெண்ணெய் நாற்றம் மூக்கில் ஏறியது.

அப்பா அண்ணனூர் ரயில் ஷெட்டில் கிரீஸ் போடும் வேலை பார்த்தார். எனக்குப் பத்து வயதிருக்கும்போது அவர் பெயரும் அந்தப் பன்னிரண்டில் வந்தது. மத்தியானமே கிணற்றடியில் உட்கார்ந்து, மண்ணெண்ணெய்த் துணியால் குதிகாலைத் தேய்த்தார். "தோலே பூடப் போவுது, உடுய்யா" என்றாள் அம்மா. வெடிப்புக்குள் இருந்த கருப்பு போகவில்லை.

கோயில் வாசலில் அன்றைய செயலாளர் குனிந்து பார்த்தார். "இன்னா நைனா, இந்தக் காலோட சாமியார் முன்னாடி குந்துவியா? அடுத்த வருசம் பாக்கலாம்."

அப்பாவின் நாற்காலியில் எங்கள் தலைமை ஆசிரியர் உட்கார்ந்தார். அப்பா கடைசித் தூணருகே நின்று பாட்டுப் பாடினார். அடுத்த வருடம் யாரும் கூப்பிடவில்லை.

வழிபாட்டு முறைப் புத்தகம் எனக்கு மனப்பாடம். தண்ணீர் ஊற்ற வேண்டும், துடைக்க வேண்டும். சுத்தமான கால்தான் வேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

சாயங்காலம் செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு, அயனம்பாக்கம் ஏரிக்கரைச் சேற்றில் இறங்கி நடந்தே போனேன். செயலாளர் என் கால்களைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"கழுவத்தானே கூப்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டு, கேமராவுக்கு நேரே இருந்த முதல் நாற்காலியில் உட்கார்ந்தேன்.