அண்ணன் மாற்றி நட்ட கல்

அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறையும் நாளில் இந்நினைவு மலர் உங்கள் கைக்கு வருகிறது. அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. நடந்தவற்றை நடந்தபடி எழுதுகிறேன்.

அண்ணன் தேற்றாத்தீவில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா வயல் செய்தவர். அவர் காலமானபின் படிப்பை நிறுத்தித் தபால் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்து, எங்கள் நால்வரையும் படிப்பித்தவர் அண்ணன். அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. கல்லடியில் எங்கள் அண்ணியான மச்சாளைத் திருமணம் முடித்து, எங்கள் வழக்கப்படி மச்சாளின் சீதன வீட்டில் குடிபுகுந்தார். யுத்த காலம் முழுவதும் பாலத்தடிக் காவலரணில் சைக்கிளை விட்டு இறங்கிச் சோதனை கொடுத்தே வேலைக்குப் போய்வந்தார்.

சுனாமியில் மச்சாளின் தாயாரும் அக்காவும் போனார்கள். தாயாரின் உடல் கிடைத்தது. அக்காவின் உடல் கிடைக்கவில்லை. அவர்கள் வாழ்ந்த சிறு தெருவான கடற்கரை ஒழுங்கையில் பதினொரு வீடுகள் இருந்த இடத்தில் மணல்தான் மிஞ்சியது. தப்பியவர்கள் வேறிடங்களில் குடியேறினார்கள்.

யுத்தம் முடிந்து, நாலு பேர் கூடி நிற்பதற்குப் பயமில்லை என்ற நிலை வந்தது. அப்போது ஓய்வு பெற்றிருந்த அண்ணன், எது எங்கே இருந்தது என்று எழுதிய கற்களை ஊரில் நடத் தொடங்கினார். பழைய தோணித்துறை, கரைவலைக்காரர் தங்கிய வாடி, இடம்பெயர்ந்து வந்த சனம் தங்கிய மண்டபம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கல். மூன்று பேரிடமாவது விசாரிக்காமல் ஒரு வரி எழுத மாட்டார்.

“வந்த மாப்பிள்ளை எங்கட ஊரை எங்களுக்கே காட்டுறார்” என்று கடைவாசலில் கேலி செய்வார்கள்.

“மாப்பிள்ளைக்குத்தானே வழி தெரியாது. அதான் கேட்டுத் திரியிறன். நீங்க ஒருநாளும் கேட்டிருக்க மாட்டீங்க” என்பார் அண்ணன்.

கடைசிக் கல் கடற்கரை ஒழுங்கைக்கு. அங்கிருந்த வீடுகளை, கந்தோர்ப் பழக்கத்தில், குடும்பத் தலைவர்களின் பெயரால் கல் கொத்துபவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். திறப்புக்கு முதல்நாள் மச்சாளையும் என்னையும் கூட்டிப் போய்க் காட்டினார். மச்சாள் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து வாசித்தார்.

“இஞ்சேருங்க, என்ட அக்காட பேர் எங்க?”

“அத்தான்ட பேர் போட்டிருக்கு. அந்த வீடுதான்.”

“அத்தான் கல்முனையில மறுகலியாணம் முடிச்சு உசிரோட இருக்கார். கடலோட போனது அக்கா. வீடும் அக்காட. பூரணம் வீடு எண்டுதானே நீங்களும் சொல்லுவீங்க? இந்தக் கல்லைப் பாத்தா அவ இஞ்ச இருக்கவே இல்ல.”

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குரியது. அவள் பெயரால்தான் அதைச் சொல்கிறோம். வாயால் எப்போதும் அப்படியே சொல்லிவந்த அண்ணன், எழுதும்போது மட்டும் தவறியிருந்தார். அன்று மாலையே, கல்லுக்குப் பணம் உதவிய ஊர்ச் சங்கத்தின் தலைவரிடம் போனார். தலைவர் வயதில் இளையவர்.

“பந்தலும் போட்டாச்சு அண்ணன். நாளைக்குத் திறப்பம், மறுகா திருத்துவம்.”

“மறுகா எண்டா அது நடக்காது தம்பி. பிழை என்ட. திறப்பில்லை எண்டு நானே சனத்துக்குச் சொல்லுறன்.”

வீடு வீடாகப் போய்த் தன் பிழையைச் சொன்னார். சிலர் ஏசினார்கள், கேட்டுக்கொண்டு நின்றார். அந்தக் கல்லைப் பிடுங்குவித்து, பதினொரு வீடுகளையும் பெண்களின் பெயரால் எழுதிய புதுக் கல்லை நட்டார். அதற்குப் பந்தலும் இல்லை, பேச்சும் இல்லை. மச்சாள் கல்லுக்கு முன் அமர்ந்து, பூரணம் என்ற எழுத்துகளில் படிந்திருந்த மணலைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். அதுவரை அக்காவுக்கு எங்கே படைப்பது என்று தெரியாதிருந்த குடும்பம், அந்த ஆண்டிலிருந்து அங்கேதான் படைக்கிறது.

இறுதிக் காலத்தில் சிறுநீரக நோய் அண்ணனை வருத்தியது. அப்போதும் ஒழுங்கைக்குப் போய்வந்தவர்களிடம், கல்லைப் பற்றைச் செடிகள் மூடிவிட்டனவா என்று விசாரிப்பார். அவரை வாகனத்தில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் வந்த அயலவர்களுக்கும், இறுதிக் கிரியையில் தோள் கொடுத்த தேற்றாத்தீவு உறவினர்களுக்கும், முன்பு ஏசியிருந்தாலும் அன்று முதல் ஆளாக வந்து நின்றவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

தூரத்திலிருந்து ஆண்டுக் கிரியைக்கு வருகிறவர்கள் அண்ணனின் பெயரைச் சொல்லித் தேட வேண்டாம். பாலத்தைக் கடந்து, நேசம் வீடு எது என்று கேளுங்கள். அதுதான் மச்சாளின் பெயர். யாரானாலும் காட்டுவார்கள்.