லண்டன்ல படிச்ச கண்ணாடிச் சுவர்

நாங்க குடியிருக்கிற தேயிலைத் தோட்டத்து லயத்தை, அந்த வரிசை வீடுகளை, உடைச்சிட்டு எங்களுக்குப் புது வீடு கட்ட, இன்னைக்கு கொழும்புல இருந்து ரெண்டு ஆர்கிடெக்ட் வந்தாங்க. ரெண்டு பேருமே கம்பெனித் தலைவருங்க. நான் டீச்சர்ங்கிறதால சிங்களத்தைத் தமிழாக்குற வேலை என் தலையில.

முதல்ல அவங்க வரலாறு. லண்டன்ல படிப்பு, துபாய்ல கோபுரம், சிங்கப்பூர்ல விருது. சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டையே கட்டிக்கிச்சு. எங்க வீட்டுப் படம் கடைசி அஞ்சு நிமிஷம்தான்.

முன்பக்கம் பூரா கண்ணாடி.

"வீட்டுக்குள்ள இருந்தே தேயிலை மலையை ரசிக்கலாம்"னாரு அவங்கள்ல பெரியவர்.

கொழுந்து எடுக்கிற செல்வி அக்கா எழும்பினாங்க. "அதைத்தான் சார் நாள் பூரா பாக்குறோம்."

"லயத்துல வெளிச்சமே இல்லையேம்மா?"

"வெளிச்சம் வேணும் சார். ஆனா மேலுக்கு முடியலன்னு ஒரு நாள் காலையில பேர் குடுக்குற பெரட்டுக்குப் போகாம படுத்தா, மலையில நின்னு வேலை வாங்குற கண்டாக்கையாவுக்கு எங்க பாய் வரைக்கும் தெரியுமே?"

ரெண்டு தலைவரும் தனியாப் போய்க் கூடிப் பேசினாங்க. திரும்பி வந்து தீர்வு சொன்னாங்க: திரைச்சீலை. அதையும் நாங்களே போட்டுக்கணுமாம்.

திரைக்குப் பழைய சேலை இருக்கிறவங்க கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த விருதுல உங்களுக்கும் பங்கு கேட்டு வாங்கித் தாரேன்.