ஏரி வண்டலில் வளர்ந்த ஷார்டனே

ஓசூரில் ஒரு முலாம் பூசும் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டுத்தான் திராட்சைத் தோட்டத்துக்குப் போனேன். தொழிற்சாலையில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம், ஒரு எண் ஒரே நாளில் எகிறினால் மீட்டரைச் சந்தேகப்படு என்பது. ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட அது பொய்த்ததில்லை. எட்டு மணி நேரத்தில் முலாம் கரைசல் தொட்டியின் குணம் மாறிவிடாது. மாறியதாகக் காட்டினால் மீட்டரில்தான் கோளாறு.

தோட்டம் கர்நாடக எல்லையை ஒட்டிய சரிவில் இருந்தது. வெள்ளை ஒயினுக்கான ஷார்டனே கொடிகள் இரண்டு துண்டு நிலங்களில் நின்றன. ஒரே இடத்திலிருந்து வந்த குச்சிகள், ஒரே வாரத்தில் நட்டவை. மேல்துண்டு சுக்கான் கல் கலந்த செம்மண். மண்வெட்டி போட்டால் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் தெறிக்கும். கீழ்த்துண்டில் முன்பு இருந்தவர்கள் வருடா வருடம் ஏரி வண்டல் அடித்திருந்தார்கள். அங்கே இலைகள் கைவிரித்த அளவுக்கு வளர்ந்து, குலைகளே தெரியாதபடி மூடிக்கிடக்கும். யாராவது தோட்டம் பார்க்க வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன்.

முதலாளி ஐம்பது வயதுக்காரர். வெளிநாட்டில் குளிர்ப் பிரதேசத்துத் தோட்டமொன்றில் இரண்டு அறுவடை பார்த்துவிட்டு வந்தவர். சேர்ந்த புதிதில் என்னிடம் சொன்னார்: "இந்தப் பழத்துக்கு இது சூடான ஊரும்மா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாமல்பட்டி வெயிலில் வளர்ந்தவள் நான். ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் வாடகைக்கு வந்த முதல் மார்கழியில் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்கியவள்.

"அங்க குளிர்காலத்துல கொடி இலையெல்லாம் கொட்டிட்டுத் தூங்கும்," என்றார். "இங்க தூங்கவே தூங்காது. நாமதான் கிளையை வெட்டிக் கவாத்து பண்ணி எழுப்பறோம். அங்க பழம் மெதுவாப் பழுக்கும். புளிப்பு கொஞ்சம் குறையாதான்னு காத்துக்கிட்டு இருப்பாங்க. இங்க ஒரு நாள் அசந்தா புளிப்பு ஓடிப்போயிடும்."

மிகைப்படுத்திச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

பிப்ரவரிக் கடைசியில் அறுவடை நெருங்கியது. தினமும் காலையில் இரண்டு துண்டிலும் நூறு நூறு பழம் பறித்து, பையில் போட்டு நசுக்கி, சாற்றின் சர்க்கரையையும் புளிப்பையும் அளப்பேன். பி.எச். எண் ஏறினால் புளிப்பு இறங்குகிறது என்று பொருள். அது வரை எண் மெல்ல மெல்லத்தான் நகர்ந்துகொண்டிருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை கீழ்த்துண்டுச் சாற்றை வைத்தபோது, நான்கு நாளில் ஏற வேண்டியது ஒரே நாளில் ஏறியிருந்தது. மேல்துண்டு எண் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது.

மீட்டர்தான் என்று முடிவுகட்டினேன். கழுவித் துடைத்துத் திரும்ப அளந்தேன், அதே எண். அப்போதும் நம்பவில்லை. நோட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு முதலாளியிடம் சொன்னேன்: "கீழ்த்துண்டு ரீடிங் சரியா வரல சார். மீட்டர் மக்கர் பண்ணுது. நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்."

மறுநாள் அளவு தெரிந்த புதுக் கரைசல் வைத்து மீட்டரைச் சரிபார்த்த பிறகே அளந்தேன். எண் இன்னும் மேலே போயிருந்தது. மிச்சமிருந்த பழத்தில் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். வெறும் இனிப்பு. முந்தின வாரம் தாடையைக் கூச வைத்த பழம் அது.

கொடிகளுக்கிடையே ஓடினேன். அறுவடைப் பெண்களுக்குத் தலைவியாக இருந்தவர், வீட்டில் தெலுங்கு பேசும் என் வயதுக்காரி, இலை கிள்ளிக்கொண்டிருந்தார். பழம் இப்படி ஆகிவிட்டதே என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

"ஆகாம என்னா மேடம்," என்றார். "மூணு நாளா மோடம் போட்டுக்கிட்டு ராத்திரியெல்லாம் புழுங்குதே. நானே போர்வை எடுக்கல."

வானத்தில் மேகம் நிற்பதை மூன்று நாளாக நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்கும் என் மேசையில் இருந்த எண்ணுக்கும் முடிச்சுப் போடத் தோன்றவே இல்லை.

முதலாளியிடம் நேற்றைய எண்ணையும் சேர்த்துச் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் ஒரு பழத்தைக் கடித்தார், விதையைத் துப்பினார்.

"நேத்தே வந்திருந்துச்சா?"

"ஆமா சார். நான்தான் நம்பல."

"நாளைக்கு விடியறப்பவே அறுத்துடலாம்," என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

வியாழக்கிழமை கீழ்த்துண்டையும் சனிக்கிழமை மேல்துண்டையும் அறுத்து எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒயின் ஆலைக்கு அனுப்பினோம். கீழ்த்துண்டுச் சாற்றைத் தனி ஒயினாக்க முடியாது, வேறு எதனோடாவது கலந்துகொள்கிறோம் என்று அங்கிருந்து சொல்லிவிட்டார்கள்.

ஐந்து மாதம் கழித்து முதலாளி என்னை அங்கே கூட்டிப்போனார். மேல்துண்டுத் தொட்டியிலிருந்தும், இன்னும் எதனோடும் கலக்காமல் வைத்திருந்த கீழ்த்துண்டுத் தொட்டியிலிருந்தும் இரண்டு கிளாஸில் கொஞ்சம் கொஞ்சம் பிடித்துக் கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் குடிப்பதில்லை, சுவைத்துவிட்டுத் துப்பிவிட்டேன். ஒன்று எலுமிச்சைத் தோலைக் கடித்த மாதிரி நாக்கின் ஓரத்தைப் பிடித்து நின்றது. இன்னொன்று தண்ணீர் கலந்த தேன் மாதிரி வழவழவென்று போனது. இரண்டும் ஒரே கொடி என்று தெரிந்திருந்தும் நம்ப முடியாமல் கிளாஸை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

"உஷ்ணம் ரெண்டுக்கும் ஒண்ணுதான்," என்றார் முதலாளி. "மேல்மண்ணுல தண்ணி நிக்காது. கொடி சிக்கனமா வளரும், பழத்துல காத்தும் வெளிச்சமும் படும். கீழ கொழுத்த மண், இலை மண்டிப் பழத்தை மூடிடுது. அந்த இலையெல்லாம் சாம்பல் சத்தை, அதான் பொட்டாஷை, இழுத்துப் பழத்துல சேர்த்துடுது, அதனால புளிப்பு ஏற்கெனவே பலவீனம். மூணு புழுக்க ராத்திரி வந்ததும் விழுந்துடுச்சு."

நான் ஊராருக்குப் பெருமையாகக் காட்டிய இலைகள்தான் காரணம் என்பது உள்ளே இறங்க நேரம் பிடித்தது.

அடுத்த கவாத்தின்போது கீழ்த்துண்டில் ஷார்டனே வேண்டாம், சூட்டைத் தாங்கும் சிவப்பு ரகத்தை ஒட்டுக்கட்டுவோம் என்று முடிவானது. வரிசை வரிசையாகத் தண்டுகளை இடுப்பளவில் ரம்பத்தால் அறுத்தார்கள். வெட்டிய இடங்களிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிய ஆரம்பித்தது. நான் பயந்துபோய் அறுவடைத் தலைவியைக் கூப்பிட்டேன்.

"ரெண்டு மூணு நாளைக்கு இப்படித்தான் ஒழுகும் மேடம்," என்றார். "நின்னப்புறம்தான் ஒட்டு வெப்பாங்க."

நான்காம் நாள் நின்றது, ஒட்டு வைக்கத் தொடங்கினார்கள்.