பார்க்கலாம் சார்

உணவுக்கூடத்து வரிசையில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். டீயா, காபியா? பின்னால் நிற்பவர்கள் ஒவ்வொருவராக அவரைச் சுற்றிக்கொண்டு முன்னே போகிறார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை. "என்ன சார் ஊத்தட்டும்?" என்று பரிமாறுகிறவர் கேட்கிறார். "பார்க்கலாம்" என்கிறார் இவர். கடைசியில் பரிமாறுகிறவரே ஏதோ ஒன்றை ஊற்றி அனுப்பிவைக்கிறார். அதைக் குடித்துவிட்டு, "நான் நினைச்சதும் இதைத்தான்" என்று இவர் சொல்வது தினமும் நடப்பது.

அந்த விண்கப்பலில் அவருக்குப் பெயரே 'பார்க்கலாம் சார்' என்றாகிவிட்டது. குளிரூட்டும் பிரிவின் தலைமைப் பொறியாளர். ஐம்பதைத் தாண்டியவர், ஒடிசலான உடம்பு, மூக்கு நுனியில் இதோ விழுந்துவிடுவேன் என்று நிற்கும் கண்ணாடி. ஒருமுறை கேப்டனே ஒலிபெருக்கியில் வாய்தவறி, "பார்க்கலாம் சார் உடனே மேலே வரவும்" என்று சொல்லிவிட்டார். கப்பலே சிரித்தது. இவரும் சிரித்தார். மேலே படியேறிப் போவதா, லிஃப்டில் போவதா என்று கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

இயந்திரத்தின் சூட்டைக் குழாய்கள் வழியே வெளித்தகடுகளுக்குக் கொண்டுபோய் வெட்டவெளியில் தள்ளுவது அவர் பிரிவின் வேலை. அங்கேயும் இதே கதைதான். ஒரு நட்டை முடுக்கிவிட்டு நகர மாட்டார். திரும்பி வருவார், தளர்த்துவார், மறுபடி முடுக்குவார். அவருக்குக் கீழே இரண்டு பேர். ஒருத்தி வெல்டர், துடுக்கான பேச்சு. இன்னொருவர் குழாய் பொருத்துகிறவர். கல்யாணம் ஆன கையோடு கப்பல் ஏறியதால் 'மாப்பிள்ளை' என்று பெயர் விழுந்தது. தலை நரைத்த பிறகும் மாப்பிள்ளைதான். "சார் கையில ஒரு வேலை மாட்டிச்சுன்னா அது பிரசவம் மாதிரி. பிறக்கிறப்பதான் பிறக்கும், நாம வெளியில நடந்துகிட்டு இருக்க வேண்டியதுதான்" என்பாள் வெல்டர்.

மனைவியும் அதே கப்பலில்தான். தோட்டக்காரம்மா என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். கப்பலின் அடித்தளத்தில், விளக்கு வெளிச்சத்திலேயே விதை போட்டு வளர்த்த கொய்யாவும் எலுமிச்சையும் மாதுளையும் அவர் பொறுப்பு. "கல்யாணம் பண்ணிக்கலாமான்னு நான்தான் கேட்டேன். பார்க்கலாம்னார். நான் பார்த்தாச்சு, நீங்க வந்து நில்லுங்க போதும்னேன்" என்று அவர் சொல்லும்போது கணவர் ஏதாவது ஒரு கிளையை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு அந்த அம்மாளே சொன்னார்: "ஒண்ணை எடுத்தா இன்னொண்ணை விடணும் இல்லையா? அந்த இன்னொண்ணு என்ன பாவம் பண்ணிச்சுன்னு இவருக்குத் தோணும். வேற ஒண்ணும் இல்லை."

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் அந்த நாள் வந்து நின்றது.

மதியச் சாப்பாடு முடிந்து தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த நேரம். எங்கிருந்தோ வந்த ஒரு கல் கப்பலை உரசிவிட்டுப் போனது. வெளித்தகடுகள் கிழிந்தன. குழாய்களில் ஓடிய குளிர்திரவம் அத்தனையும் வெளியே பீய்ச்சிக்கொண்டு போய்விட்டது. இயந்திரத்தை உடனே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அடுப்பை அணைத்தால் தணல் அடங்கிவிடுமா? இயந்திரத்தின் உட்கரு தன்பாட்டுக்குக் கனன்றுகொண்டே இருந்தது. சுவரிலிருந்த அளவுமானியின் முள் சிவப்புக் கோட்டை நோக்கி நகர்ந்தது. அது கோட்டைத் தாண்டினால் உட்கரு உருகும். பிறகு கப்பலும் இல்லை, கப்பலில் இருப்பவர்களும் இல்லை.

உட்கருவைச் சுற்றித் தண்ணீரை விட்டு, கிளம்பும் ஆவியை வெளியே தள்ளினால் சூடு இறங்கும். குடிநீர்த் தொட்டி இதற்குப் போதாது; அதைத் தொட்டால் அத்தனை பேர் தொண்டையும் காயும். மிச்சமிருக்கும் பெரிய தொட்டி தோட்டத்துடையது. கப்பலுக்குள் ஒரு சொட்டும் வீணாவதில்லை, சுத்தமாகிச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும். ஆவியாக வெளியே போனால் மட்டும் போனது போனதுதான்.

கேப்டன் மூச்சு வாங்க ஓடி வந்தார். "என்ன செய்யலாம்? சீக்கிரம் சொல்லுங்க."

வெல்டரும் மாப்பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

"தோட்டத் தண்ணியை எடுக்கணும். வேற வழி கிடையாது."

கேப்டன் தயங்கினார். "உங்க வீட்ல நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம். நானே சொல்றேன்."

மாப்பிள்ளை அதற்குள் ரப்பர் குழாய்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு நடைவழியில் ஓட ஆரம்பித்திருந்தார். இவர் சுவரிலிருந்த பேசியை எடுத்தார்.

"என்னங்க, இங்க விளக்கெல்லாம் மங்குது. என்ன ஆச்சு?"

"குளிர்திரவம் போயிடுச்சு. உன் தொட்டியைத் திறந்து விடணும்."

"எவ்வளவு வேணும்?"

"முழுசும்."

"கீழ்வரிசைக்கு மட்டும் கொஞ்சம் நிறுத்திக்கட்டுமா? மாதுளை இப்பத்தான் பூ விட்டிருக்கு."

பக்கத்தில் நின்ற வெல்டர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தை உதடு வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடம் சுலபமாகக் கழிந்திருக்கும்.

"முடியாது" என்றார்.

"சரி, திரும்ப எப்போ தண்ணி கிடைக்கும்?"

"கிடைக்காது. நாம கரை சேர்ற வரைக்கும் கிடைக்காது. மரங்க தாங்காது."

மறுமுனையில் தொட்டியின் இரும்புச் சக்கரம் கிறீச்சென்று திரும்பும் சத்தம் வந்தது.

தண்ணீர் வந்தது. வேரும் மண்ணும் மணக்கும் தண்ணீர். நடைவழியில் ஓர் இரும்பு இணைப்பு பிய்த்துக்கொள்ள, மாப்பிள்ளை தன் மேல்சட்டையைச் சுற்றி அதன்மேலேயே படுத்துக்கொண்டார். வெல்டர் அவரைத் தாண்டிக் குதித்துப் போய் வளையம் போட்டுப் பற்றவைத்தாள். ஆவி வெளியேறும் இரைச்சலில் கப்பல் நடுங்கியது. முள் கொஞ்சம் தயங்கியது. பிறகு திடீரென்று வரத்து குறைந்தது, முள் மறுபடி ஏறியது. என்ன அடைப்பென்று பார்க்க வெல்டர் கீழே ஓடினாள்.

தோட்டக்காரம்மா தொட்டிக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தார். உதிர்ந்த இலைகள் குழாய் வாயில் வந்து அப்பிக்கொண்டிருந்தன. அவற்றை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வெளியே எறிந்துகொண்டிருந்தார். "நீ போம்மா, நான் பார்த்துக்கறேன். மேல அவர் தனியா நிப்பார்" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

முள் சிவப்புக் கோட்டை ஒட்டி நின்றது. ரொம்ப நேரம் அங்கேயே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. மாப்பிள்ளை தரையில் படுத்தபடியே கைதட்டினார். கேப்டன் இவரைக் கட்டிப்பிடித்தார். இவர் பிடிகொடுக்காமல் விலகி, ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டு வெறும் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தகடுகளை ஒட்டுப்போட்டு, கையிருப்பில் இருந்த குளிர்திரவத்தை நிரப்பி, இயந்திரத்தை ஓடவைத்துவிட்டார்கள். ஆனால் மரங்கள், அவர் சொன்னபடியே, தாங்கவில்லை. முதலில் எலுமிச்சை சுருண்டது, பிறகு மற்றவை. எதிரில் வருகிறவர்கள் "எங்க உயிரைக் காப்பாத்தினீங்க சார்" என்று கைகுலுக்கும்போது, வேறு யாருக்கோ வந்த பாராட்டைக் கேட்பதுபோல நெளிவார். வீட்டில் இருவரும் எல்லாம் பேசினார்கள், அதைத் தவிர. பல நாள் கழித்து ஒரு சாப்பாட்டு வேளையில் இவராகத்தான் கேட்டார்.

"என்மேல கோபமா?"

"உங்கமேல எதுக்கு? பூவைப் பார்த்தவ நான், எனக்குத்தான் ஆறலை." தட்டை நகர்த்தி வைத்தார் அந்த அம்மாள். "ஆனா ஒண்ணு. திரும்பக் கிடைக்கும்னு நீங்க அன்னிக்கு ஒரு பேச்சுக்குச் சொல்லியிருந்தாக்கூட நான் நம்பியிருப்பேன். நம்பிட்டு உக்காந்திருப்பேன். அதைத்தான் மன்னிச்சிருக்க மாட்டேன்."

இப்போது வேலை முடிந்ததும் அவர் தோட்டத்துக்குப் போகிறார். பட்டுப்போன மரங்களை அறுத்து எடுக்கும் வேலை நடக்கிறது. ரம்பத்தின் ஒரு முனையில் மனைவி, மறுமுனையில் இவர். அதிகம் பேசிக்கொள்வதில்லை. நேற்று ஒரு கொய்யாவை அறுக்கும்போது பாதியில் ரம்பம் நின்றது. அந்த அம்மாள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிவந்து, கொப்புளம் கட்டியிருந்தது. இவர் ரம்பத்தை மரத்திலேயே விட்டுவிட்டுச் சுற்றி வந்தார். அந்தக் கையை வாங்கி, விரல்களை விரித்துப் பிடித்து, கண்ணாடி நழுவி விழுவதையும் கவனிக்காமல் குனிந்து மெதுவாக ஊதினார்.