மூன்றாவது விடை

தேர்வு வாரியத்தின் இணையப் பக்கம் இப்படிச் சொல்கிறது: “வினாத்தாள்களைப் பல்துறை அனுபவமும் கூர்த்த மதியும் கொண்ட தருக்கவியல் வல்லுநர் குழு தயாரிக்கிறது.” குழு என்பது ஒரே ஒரு அம்மாள். படித்தது தாவரவியல். நகலெடுக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே அவருடைய மேசை. பதினோரு வருடமாக ஒப்பந்த வேலை. அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும்.

அவர் எழுதுவதெல்லாம் ஒரே வகைக் கேள்வி: ஒரு கூற்றுக்கு அடியில் சொல்லாமல் விட்ட அனுமானம் எது? சிரிக்க மாட்டார், சலித்துக்கொள்ளவும் மாட்டார். வீட்டில் ஏதோ பெரிய இடி விழுந்திருக்கிறது என்று அலுவலகம் பேசிக்கொண்டது. அப்படி எதுவும் இல்லை. கணவர் நலம், மகள் நலம். மரத்துப்போக ஒரு துக்கம் வேண்டும் என்பதும் அனுமானம்தான்.

முடிவுகள் வந்த வாரம் ஒரு முறையீடு வந்தது. ஒரு மதிப்பெண்ணில் தேர்ச்சி தவறிய பெண் எழுதியிருந்தாள். வயது வரம்பின்படி அவளுக்கு இதுவே கடைசித் தேர்வு. கேள்வி இது: ‘நூலக வாசலில் நெரிசல் அதிகம்; ஆகவே இன்னொரு வாசல் திறக்கப்படும்.’ அவள் குறித்தது இரண்டாவது விடை: சிலராவது புது வாசலைப் பயன்படுத்துவார்கள். வாரியத்தின் விடை மூன்றாவது: நெரிசல் முழுவதும் தீர்ந்துவிடும்.

அம்மாள் தன் வழக்கப்படி இரண்டு விடைகளையும் பொய் என்று வைத்துப் பார்த்தார். நெரிசல் முழுவதும் தீராது என்றாலும் வாசல் திறக்கலாம். பாதி குறைந்தால் போதாதா? ஒருவர்கூடப் போகமாட்டார் என்றால் திறப்பதே வீண். ஆக, இரண்டாவது விடைதான் சரி. மூன்று என்று குறித்தவர் அவரேதான்; எந்த ஞாபகத்தில் குறித்தார் என்று அவருக்கே தெரியவில்லை. வருத்தம் வருகிறதா என்று சற்று நேரம் காத்துப் பார்த்தார். வரவில்லை.

முறையீடுகளுக்கு வாரியத்தில் அச்சடித்த பதில் ஒன்று உண்டு: ‘குழு கூடிப் பரிசீலித்தது; ஏற்பதற்கில்லை.’ தேதி மட்டும் போட்டால் போதும். நானூற்றுக்குமேல் போட்டிருக்கிறார்.

கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்தார். “என்னம்மா, அந்தப் பதிலை அனுப்பியாச்சா?”

“இல்ல சார். அந்தப் பொண்ணு சொல்றது சரி.”

“சரியா இருந்தா என்ன? ஒரு தடவை ஒத்துக்கிட்டா நாளைக்கு ஊரே திரண்டு வந்து நிக்கும்.”

“நம்ம மத்த விடையும் தப்பா இருந்தாத்தானே சார் வருவாங்க?”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

பக்கத்து மேசைத் தட்டச்சர் குரலைத் தாழ்த்தினாள். “அக்கா, அடுத்த மாசம் உங்க ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடப்போறவரே அவர்தான். வம்பை ஏன் விலைக்கு வாங்குறீங்க? பேசாம தேதியைப் போடுங்க.”

“தேதி போடத்தான் போறேன்.”

“அப்பாடா!”

அச்சடித்த தாளை ஒதுக்கிவிட்டு வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தார். ‘இரண்டாவது விடையே சரி. மூன்று என்று குறித்தது என் தவறு’ என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை அந்தப் பெண்ணுக்கும் ஒரு பிரதியை முடிவுகள் பிரிவுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினார்.